கேஸ் கீசர் பத்திக்குது, உடனே அணைஞ்சிடுது – சென்சாரா போர்டா, எப்படி கண்டுபிடிக்கிறது?

சோலைநகர்_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். பாண்டில சோலை நகர்ல இருக்கோம், கடல் நடந்து போற தூரம்தான். வீட்டுக்குப் பின்னாடி துணி துவைக்கிற இடத்துல, மேல ஷீட் போட்டு மூணு பக்கமும் தொறந்த இடம், அங்க 6 லிட்டர் கேஸ் கீசர் மாட்டிருக்கோம். எல்பிஜி சிலிண்டர், ரெண்டு பெரிய செல் போடுற டைப். டிஸ்ப்ளே, எரர் கோட் அதெல்லாம் கிடையாது, முன்னாடி திருகு மட்டும்தான்.

பிரச்சனை என்னன்னா காலைல அம்மா குளிக்கறதுக்கு பைப்ப தொறந்தா டிக்டிக்னு ஸ்பார்க் வருது, குப்புனு பத்திக்குது, ஏழெட்டு செகண்ட் நல்லா எரியுது, அப்புறம் டக்குனு அணைஞ்சிடுது, மூடிட்டு திரும்ப தொறந்தா மறுபடி அதே கதை, சில நாள் எத்தன தடவ தொறந்தாலும் நிக்க மாட்டேங்குது. ஆனா மதியம் அதே கீசர் ஒழுங்கா பத்திக்கிட்டு நிக்குது, தண்ணி கொதிக்கக் கொதிக்க வருது, ரெண்டு மூணு நிமிஷத்துல அணைஞ்சிடுது, கொஞ்ச நேரம் ஆறவிட்டா திரும்ப ஓடுது.

பக்கத்துல ஒரு மெக்கானிக்க கூப்டோம். கவர கூட கழட்டாம "சென்சார் போயிடுச்சு, போர்டோட செட்டா மாத்தணும்"னு சொல்றாரு, அவர் சொல்ற காசு புது கீசர்ல பாதிக்கு வருது. இன்னொருத்தர் உள்ள இருக்கற ரெண்டு ஒயர சேத்து முறுக்கிட்டா ஓடும்ங்கறாரு, அது எனக்கு பயமா இருக்கு. அம்மாவுக்கு மூட்டு வலி, மார்கழில பச்சத் தண்ணில நிக்க முடியாது, அடுப்புல காய வெச்சு தூக்கிட்டு போறதும் இனிமே முடியாது. எங்கிட்ட மல்டிமீட்டர் இருக்கு, ஓரளவு பாக்கத் தெரியும். எந்த சென்சார் போயிருக்குன்னு நானே எப்படி பாக்கறது? இல்ல நெஜமாவே போர்டுதானா?

மஞ்சக்குப்பம்_மெக்கானிக்:

தம்பி வணக்கம், கடலூர்ல கேஸ் அடுப்பு கீசர் சர்வீஸ்தான் நம்ம தொழில். ஒயர முறுக்கற பேச்சையே விட்டுடுங்க. அப்புறம் யாராவது சென்சார் போச்சுன்னு சொன்னா எந்த சென்சார்னு கேளுங்க, ஏன்னா உங்க கீசருக்குள்ள மூணு இருக்கு, மூணும் மூணு வேற வேலை.

பைப்ப தொறந்ததும் தண்ணி ஓட்டத்துல உள்ள இருக்கற டயாஃப்ரம், அதாவது மெல்லிசான ரப்பர் வட்டு, நகரும், அது பின்னுங்கற ஒரு சின்ன ஊசிய தள்ளும், அந்த ஊசி நகர்ந்ததும் மைக்ரோ ஸ்விட்ச் ஆன் ஆகும். இது தண்ணிக்கு. ஸ்விட்ச் ஆனதும் அந்த கருப்பு பெட்டி, நீங்க போர்டுன்னு சொல்றது, ஸ்பார்க்க விடும், கூடவே சோலனாய்டு வால்வ தொறந்து கேஸ விடும். பத்திக்கிச்சா இல்லியான்னு பாக்க பர்னர் மேல நீட்டிக்கிட்டு ஒரு கம்பி நிக்கும், வெள்ளை பீங்கானுக்குள்ள இருந்து வரும், அதுதான் ஃப்ளேம் சென்சார், நாங்க சென்சிங் ராடுன்னு சொல்லுவோம். நெருப்பு இருக்குன்னு அந்த கம்பி சொன்னாத்தான் வால்வு தொறந்தே இருக்கும், சொல்லலன்னா சில செகண்ட்ல பெட்டி கேஸ மூடிடும். மூணாவது, மேல காப்பர் டப்பாவுலயோ சுடுதண்ணி வெளிய வர்ற குழாயிலயோ பொத்தான் சைஸ்ல ஒரு வட்டம் ஸ்க்ரூ பண்ணி ரெண்டு ஒயரோட இருக்கும், அது தெர்மல் கட் அவுட், சூடு எல்ல மீறுனா அணைக்கும்.

இப்ப நீங்க சொன்னத வெச்சுப் பாத்தா உங்களுக்கு ஒரு ஃபால்ட் இல்ல, ரெண்டு ஃபால்ட். பத்தி ஏழெட்டு செகண்ட்ல அணையுதுன்னா பெட்டிக்கு நெருப்பு தெரியல, அது ராடு பக்கம். ரெண்டு மூணு நிமிஷம் ஓடி கொதிச்சிட்டு அணைஞ்சி, ஆறுனா ஓடுதுன்னா அது தெர்மல் பக்கம். ஸ்பார்க்கே வரலன்னாத்தான் டயாஃப்ரம், மைக்ரோ ஸ்விட்ச், செல்லுன்னு தேடணும், உங்களுக்கு அது இல்ல. போர்டு போறது கடைசில பாக்க வேண்டியது, ஸ்பார்க்கும் வருது வால்வும் தொறக்குதுன்னா போர்டுல முக்காவாசி வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம்.

கவர கழட்டறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்து சொல்லுங்க. செல் வோல்டேஜ சும்மா பாக்காதீங்க, ஸ்பார்க் அடிக்கும்போது பாருங்க, சும்மா இருக்கும்போது 3 வோல்ட் காட்டற செல்லு லோடு வந்ததும் படுத்துடும், 2.5க்கு கீழ போச்சுன்னா செல்ல மாத்துங்க. ஆல்கலைன் செல்லு போடுங்க, ரீசார்ஜ் பண்ற செல்லு வேணாம், அது ஒண்ணு 1.2 வோல்ட்தான், ரெண்டு சேந்தாலும் 2.4. பேட்டரி பெட்டில பச்சை பூத்திருக்கான்னு பாருங்க. கிச்சன் அடுப்பு எப்பவும் போல எரியுதா பாருங்க, அங்கயே நெருப்பு சின்னதா இருந்தா ரெகுலேட்டர், டியூப், இல்ல சிலிண்டர் தீரப்போகுது. அப்புறம் முக்கியமானது, ஒரு லிட்டர் ஜக்க சுடுதண்ணி பைப்புல வெச்சு எத்தன செகண்ட்ல ரொம்புதுன்னு போன்ல டைமர் வெச்சு பாருங்க, பக்கத்துல பச்சத்தண்ணி பைப்புலயும் அதே மாதிரி பாருங்க.

சோலைநகர்_வாசி:

ரொம்ப நன்றிண்ணே, இவ்ளோ தெளிவா யாரும் சொல்லல. செல் சும்மா இருக்கும்போது 3.1, ஸ்பார்க் அடிக்கும்போது 2.8, அதனால செல் ஓகேன்னு நெனைக்கிறேன். அடுப்பு நல்லா நீலமா எரியுது. ஜக் விஷயம்தான் ஆச்சரியமா இருந்துச்சு, பச்சத்தண்ணி பைப்புல எட்டு செகண்ட்ல ஒரு லிட்டர் ரொம்பிடுது, சுடுதண்ணி பைப்புல இருபது செகண்ட் ஆகுது. எங்களுது போர் தண்ணி, கொஞ்சம் உப்பு கரிக்கும், டேங்க் மொட்டை மாடில கருப்பு டேங்க், வெயில் நேரா அடிக்கும். காலைல தரை கவர் எல்லாம் ஈரமா பிசுபிசுன்னு இருக்கும், அது எங்க ஏரியால எப்பவும் அப்படித்தான்.

சிப்காட்_இன்ஸ்ட்ருமென்ட்:

கடலூர் சிப்காட்ல கெமிக்கல் கம்பெனில இன்ஸ்ட்ருமென்டேஷன்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். அங்க பெரிய பாய்லர் பர்னர்ல இருக்கற ஃப்ளேம் டிடெக்டருக்கும் உங்க கீசர் ராடுக்கும் நோக்கம் ஒண்ணுதான், அதனால கொஞ்சம் நீட்டி எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல மதிய பிரச்சனை, ஏன்னா அதுல சென்சார் மேல ஒரு தப்பும் இல்ல. 6 லிட்டர் கீசர்னா நிமிஷத்துக்கு 6 லிட்டர் தண்ணிய 25 டிகிரி சூடு ஏத்தும்னு கணக்கு. கிட்டத்தட்ட பத்தரை கிலோவாட், அதாவது 2 கிலோவாட் கரண்ட் கீசர் அஞ்சு சேந்த சக்தி. இப்ப உங்களுக்கு ஒரு லிட்டருக்கு இருபது செகண்ட்னா நிமிஷத்துக்கு 3 லிட்டர்தான் வருது. கேஸ் திருகு ஃபுல்லா இருந்தா தண்ணி பாதி ஆனதால ஏறுற சூடு ரெட்டிப்பு, 50 டிகிரி. காலைல டேங்க் தண்ணி 25 டிகிரின்னு வெச்சுக்கிட்டா வெளிய வர்றது 75, அதுவே குளிக்கற சூடு இல்ல, தோல் வெந்துடும், இருந்தாலும் கட் அவுட் இன்னும் பொறுத்துக்கலாம். மதியம் மொட்டை மாடி கருப்பு டேங்க்ல தண்ணி 38, 40ன்னு ஏற்கனவே சுட்டு வரும், அதோட 50 சேருங்க, 90. கட் அவுட் அணைக்காம என்ன பண்ணும்? அது தன் வேலைய சரியா செஞ்சிருக்கு. அத மாத்துனா புதுசும் அதேதான் செய்யும், நீங்க காசு குடுத்து அதே தொல்லைய வாங்குவீங்க. பிரச்சனை தண்ணி எங்கயோ அடைக்குது. இன்லெட்ல சின்ன வலை ஃபில்டர் இருக்கும், இல்லன்னா காப்பர் குழாய்க்குள்ள உப்பு படிஞ்சிருக்கும். பச்சத்தண்ணி பைப்புல நல்ல வேகம் இருக்கறதால டேங்க் உயரம் காரணம் இல்ல, அடைப்பு கீசர் லைன்லதான்.

இப்ப காலை பிரச்சனை. நெருப்புல கேஸ் எரியும்போது அயனிகள், அதாவது மின்சாரம் ஏறின துகள்கள், உண்டாகும், அதனால நெருப்பு கொஞ்சமா கரண்ட கடத்தும். ராடுக்கும் பர்னருக்கும் நடுவுல ஒரு ஏசி வோல்டேஜ, அதாவது திசை மாறி மாறி ஓடறத, பெட்டி குடுக்கும். ராடு ஒல்லிக் கம்பி, பர்னர் பெரிய பரப்பு, அதனால ஒரு பக்கம் கரண்ட் நல்லா போகும் மறுபக்கம் ரொம்பக் கம்மியா போகும், மொத்தத்துல சின்னதா ஒரு டிசி, அதாவது ஒரே திசைல ஓடற கரண்ட், மிஞ்சும். அதுவும் மைக்ரோ ஆம்ப் கணக்குல, ஒண்ணு ரெண்டு மைக்ரோ ஆம்ப்னா பெரிய விஷயம். பெட்டி அந்த டிசியத்தான் தேடுது. யாராவது ராடு ஒயர பாடியோட சேத்து விட்டா ரெண்டு பக்கமும் சமமா ஏசி ஓடும், டிசி இருக்காது, அதனால பெட்டி ஏமாறாது, நெருப்பு இல்லன்னு அணைச்சிடும். யோசிச்சு செஞ்ச பாதுகாப்பு அது.

இவ்ளோ சின்ன கரண்டுக்கு எதிரிங்க யாருன்னு பாருங்க. ராடு மேல வெள்ளையா கருப்பா படியற படிவு, ஒயர் முனைல துரு, பர்னர் பாடிக்கும் பெட்டி எர்த் ஒயருக்கும் நடுவுல துருப்பிடிச்ச ஸ்க்ரூ. அப்புறம் நம்ம கடலோரத்துக்குன்னே ஒண்ணு இருக்கு, பீங்கான் மேல படியற உப்பு. உப்பு காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும். காலைல பனில அந்த உப்புப் படலம் ஈரமாகி ராடுல இருந்து பாடிக்கு நேரா ஒரு வழி உண்டாக்கிடும், வர்ற கொஞ்சம் சிக்னலும் அதுல கசிஞ்சு போயிடும். வெயில் ஏறினதும் காஞ்சிடும், சிக்னல் திரும்பி வந்துடும். உங்க கீசர் காலைல அணைஞ்சு மதியம் நிக்கறதுக்கு இதவிட பொருத்தமா எனக்கு வேற தோணல. மீட்டர்ல இதையும் பாக்கலாம், ராடு ஒயர பெட்டில இருந்து கழட்டி ராடுக்கும் பாடிக்கும் நடுவுல மெகா ஓம் ரேஞ்சுல வையுங்க, நெருப்பு இல்லாதப்ப ஒண்ணுமே காட்டக்கூடாது, ஓபன் லைனா இருக்கணும். விடியக்காலைல ஒரு தடவ பாருங்க, மதியம் ஒரு தடவ பாருங்க. காலைல ஏதாவது நம்பர் வந்துச்சுன்னா அதுதான் ஃபால்ட்டு.

வில்லியனூர்காரன்:

எதுக்கு இவ்ளோ கஷ்டம், நம்ம வீட்டுல அந்த தெர்மல் ஒயர் ரெண்டையும் சேத்து டேப் அடிச்சு வெச்சிருக்கோம், சூப்பரா ஓடுது. மெக்கானிக்கே பண்ணிக் குடுத்ததுதான். சென்சார் எல்லாம் அவங்க பிசினஸுக்கு வெக்கறது.

மஞ்சக்குப்பம்_மெக்கானிக்:

வில்லியனூர் அண்ணே, கோவிச்சுக்காதீங்க, இன்னைக்கே அத பிரிச்சு விட்டுடுங்க. நான் உங்களுக்கு எதுவும் விக்கப்போறதில்ல. நீங்க பைப்ப மூடுனதும் பர்னர் அணையணும்னா டயாஃப்ரம் திரும்பணும், பின் திரும்பணும், வால்வு மூடணும், இதுல ஏதாவது ஒண்ணு உப்புல மாட்டிக்கிச்சுன்னா தண்ணி நின்னிருக்கும் நெருப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். பத்து கிலோவாட் நெருப்பு ஒரு லிட்டர் கூட இல்லாத காப்பர் குழாய் மேல. கொஞ்ச நேரத்துல நீராவி. அந்த நேரத்துல யாராவது பைப்ப தொறந்தா மூஞ்சில அடிக்கறது தண்ணி இல்ல. அந்த இடத்துல காப்பாத்தறதுக்கு இருக்கற முக்கியமான பொருள் நீங்க டேப் அடிச்சு வெச்சிருக்கற அந்த பொத்தான்தான். அதுக்கு ஆகற செலவு ரொம்பக் கம்மி, மேலயே எத்தன டிகிரின்னு அச்சடிச்சிருக்கும், அதே டிகிரிய பாத்து வாங்கி மாட்டுங்க.

இன்னொண்ணு கேக்கறேன், உங்க கீசர் எங்க இருக்கு? பாத்ரூம் உள்ளயா?

வில்லியனூர்காரன்:

ஆமா உள்ளதான், எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கு. குளிர்காலத்துல சத்தமா இருக்குன்னு போடறதில்ல. சரிண்ணே, ஒயர பிரிச்சிடறேன், நீங்க சொன்னது புரியுது.

மஞ்சக்குப்பம்_மெக்கானிக்:

பிரிங்க, ஆனா அதோட முடியல. பாத்ரூம் உள்ள இருக்கற கீசர வெளிய கொண்டு வாங்க, பைப்ப மட்டும் உள்ள விட்டா போதும். கதவ சாத்திக்கிட்டு குளிக்கும்போது கீசர் அந்த ரூம்ல இருக்கற ஆக்சிஜனத்தான் தின்னுது. காத்து பத்தலன்னா நெருப்பு மஞ்சளா மாறும், கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு கலரும் இல்ல வாசனையும் இல்ல. ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்துல அது போய் உக்காந்துக்கும், ஆக்சிஜனவிட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். குளிக்கும்போது தல சுத்துது, தல வலிக்குது, குமட்டுதுன்னா தண்ணிய மூடிட்டு வெளிய வந்துடணும், யோசிக்கக் கூடாது. குழந்தைங்க இருந்தா இன்னும் கவனம். இடம் மாத்தற வரைக்கும் ஃபேன் போடாம, ஜன்னல் தொறக்காம ஒரு நாளும் ஓட்டாதீங்க, முடிஞ்சா பக்கெட்ல புடிச்சு வெச்சு அணைச்சிட்டு அப்புறம் குளிங்க. இதே மாதிரி ஒரு வீட்டுல நேர்ல பாத்தவன் சொல்றேன்.

குருசுகுப்பம்_பாரிஸ்:

நான் குருசுகுப்பம், இப்ப பாரிஸ் பக்கத்துல சார்செல்ல இருக்கேன், தலைப்ப பாத்து உள்ள வந்தேன். இங்க கிச்சன் செவுத்துல மாட்டற பாய்லர், வீட்டு ஹீட்டிங்கும் குளிக்கற தண்ணியும் ரெண்டும் அதுலயே. நெருப்ப பாக்கறதுக்கு பெரியவர் சொன்ன அதே அயனி ராடுதான். ஆனா சூடு பாக்கறதுக்கு ஆன் ஆஃப் பொத்தானோட கூடவே என்டிசின்னு ஒரு சென்சார் இருக்கும், சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும். ஊர்லயும் இப்ப டிஸ்ப்ளே வெச்ச கீசர் நெறைய வந்துடுச்சு, அதுலயும் இதுதான் இருக்கும், அப்படி வெச்சிருக்கறவங்களுக்கு உதவும்னு எழுதறேன்.

நெறைய பாய்லர்ல 25 டிகிரில 10 கிலோ ஓம் இருக்கற என்டிசி வரும். அது 50 டிகிரில சுமாரா மூணரை கிலோ ஓமுக்கு வந்துடும், 80ல ஒண்ணே கால் பக்கம். கழட்டிட்டு ரூம் சூட்டுல ஒரு தடவ, டம்ளர்ல வெதுவெதுப்பான தண்ணி வெச்சு அதுல ஒரு தடவ மீட்டர்ல பாத்தா கதை தெரிஞ்சிடும், மீட்டர் நம்பர் சீரா இறங்கணும். குதிச்சாலோ, ஓபன் காட்டுனாலோ, பூஜ்யம் காட்டுனாலோ சென்சார் போச்சு. ஓபன் ஆச்சுன்னா பெட்டிக்கு அது உறைஞ்சு போன தண்ணி மாதிரி தெரியும், ஷார்ட் ஆச்சுன்னா கொதிக்கற மாதிரி, அதனால ஒழுங்கான போர்டு ரெண்டையும் எரர்னு நிறுத்திடும். மோசமானது நடுவுல இருக்கறது, கொஞ்சம் தப்பா காட்டற சென்சார், எரரும் வராது, தண்ணி மட்டும் ஒரு தடவ சூடு ஒரு தடவ பச்ச. எங்க வீட்டுல அப்படித்தான் இருந்துச்சு, வந்த டெக்னீஷியன் சென்சார மாத்தல, ஒயர ஆட்டிக்கிட்டே மீட்டர பாத்தாரு, ஆட்டும்போது நம்பர் குதிச்சுது, கனெக்டர்ல பச்சை பூத்திருந்துச்சு. அத சுத்தம் பண்ணி இறுக்கினதோட சரியாச்சு.

இங்க 2009ல இருந்து வருஷத்துக்கு ஒரு தடவ பாய்லர் சர்வீஸ் சட்டப்படி கட்டாயம். ஊர்ல அப்படி இல்ல, கெட்டுப்போனாத்தான் கூப்பிடறோம். மார்கழிக்கு முன்னாடி ஒரு தடவ தொறந்து சுத்தம் பண்ணிடுங்கன்னு நான் போகும்போதெல்லாம் தம்பிகிட்ட சொல்லிட்டுத்தான் வர்றேன்.

சோலைநகர்_வாசி:

அண்ணே, ஐயா, எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு விடியக்காலைலயே கேஸ் வால்வ மூடிட்டு செல்ல கழட்டிட்டு கவர தொறந்தேன். ஐயா சொன்ன மாதிரி ராடு ஒயர கழட்டி பாடியோட வெச்சா மீட்டர்ல நம்பர் ஓடிக்கிட்டே இருக்கு, ஒரு மெகா ஓம் பக்கம், அப்பப்ப அதுக்கும் கீழ. பீங்கான உத்துப் பாத்தா வெள்ளையா பொடி மாதிரி ஒரு பூச்சு, வெரல் வெச்சா ஈரமா ஒட்டுது. ராடு நுனில சாம்பல் கலர்ல கெட்டியா ஏதோ படிஞ்சிருக்கு. பர்னர் பக்கத்துல எர்த் ஒயர் மாட்டற ஸ்க்ரூ மொத்தமா துரு, கைல திருகினா அப்படியே சுத்துது. பத்து மணிக்கு வெயில் நல்லா வந்தப்புறம் திரும்ப பாத்தேன், ராடுல ஒண்ணுமே காட்டல, ஓபன். அப்ப இதுதானே காரணம்? எத வெச்சு சுத்தம் பண்றது? தண்ணி லைன எப்படி பாக்கறது?

மஞ்சக்குப்பம்_மெக்கானிக்:

இதுதான் தம்பி. பெரியவர் உக்காந்த எடத்துல இருந்தே புடிச்சிட்டாரு.

பீங்கானுக்கு நல்ல தண்ணில, போர் தண்ணி இல்ல கேன் தண்ணில, துணி நனைச்சு துடைங்க, அப்புறம் காய விட்டுடுங்க. பீங்கான்ல மயிர் மாதிரி விரிசல் இருக்கான்னு வெளிச்சத்துல திருப்பித் திருப்பி பாருங்க, விரிசல் இருந்தா சுத்தம் பண்ணி பிரயோஜனம் இல்ல, ராடு மட்டும் தனியா கெடைக்கும் மாத்திக்கலாம். ராடு நுனிய ரொம்ப நைசான உப்புத்தாள்ல லேசா தேச்சா போதும், பளபளன்னு வரணும்னு சொரண்டாதீங்க. வளைக்காதீங்க, நுனி நெருப்புக்குள்ள நிக்கணும் ஆனா பர்னர் தகட்டுல படக்கூடாது. எர்த் ஸ்க்ரூவ கழட்டிட்டு அடில இருக்கற துருவ தேச்சு எடுத்துட்டு புது ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்க. அப்புறம் பர்னருக்கும் பெட்டி எர்த் ஒயருக்கும் மீட்டர்ல பீப் வருதான்னு பாருங்க. பீப் வந்தாலும் ஓம் எத்தனன்னு பாருங்க, கிட்டத்தட்ட பூஜ்யமா இருக்கணும்.

தண்ணி லைனுக்கு, உள்ள போற பச்சத்தண்ணி வால்வ மூடிட்டு இன்லெட் நட்ட கழட்டுங்க, சின்னதா ஒரு ஜல்லடை மாதிரி வலை இருக்கும், பழைய டூத் பிரஷ்ல தேய்ங்க. அத போட்டப்புறமும் ஜக் டைம் இறங்கலன்னா காப்பர் உள்ள உப்பு படிஞ்சிருக்கு, சிட்ரிக் ஆசிட் கரைச்சு உள்ள நிக்க விட்டு கழுவணும், அத நீங்க பண்ண வேணாம், தெரிஞ்ச ஆள வெச்சு பண்ணுங்க. பாத்ரூம் கழுவற ஆசிட்ட யாராவது ஊத்தறேன்னா விடாதீங்க, காப்பரும் பித்தளையும் போயிடும்.

கேஸ் பக்கம் எந்த நட்டையும் தொடாதீங்க, வால்வு பாடிய தொறக்காதீங்க. மாட்டி முடிச்சு கேஸ தொறந்ததும் எல்லா ஜாயிண்ட்லயும் சோப்பு நுரை வெச்சு குமிழி வருதான்னு பாருங்க, நெருப்பு வெச்சு பாக்கறது கூடவே கூடாது. எல்பிஜி காத்தவிட கனம், கீழதான் தேங்கும். வாசனை வந்தா சிலிண்டர மூடி, ஸ்விட்ச் எதையும் தொடாம வெளிய வந்து 1906க்கு போன் பண்ணுங்க, கேஸ் லீக்குக்குன்னே இருக்கற நம்பர்.

சிப்காட்_இன்ஸ்ட்ருமென்ட்:

ஒண்ணு சேத்துக்கறேன். எல்லாம் மாட்டினப்புறம் நெருப்பு கலர பாருங்க. நீலமா நிக்கணும். ஓரத்துல மஞ்சள் தெரிஞ்சா பர்னர் ஓட்டைகள்ல தூசியும் சிலந்திக் கூடும் அடைச்சிருக்கு, வெளிய மாட்டின கீசர்ல இது சகஜம். கரி படிஞ்சா ராடும் சீக்கிரம் கெடும். அத கேஸ் தெரிஞ்சவர வெச்சு சுத்தம் பண்ணிக்கோங்க. அப்புறம் வெயில் காலத்துல கேஸ் திருக கம்மி பண்ணி வெச்சு ஓட்டுங்க, நிறைய பேர் வருஷம் முழுக்க ஃபுல்லாவே வெச்சிருக்காங்க.

சோலைநகர்_வாசி:

வலைய கழட்டினேன், மணலும் வெள்ள வெள்ளையா உப்புச் செதிலும் சேந்து முக்கால்வாசி மூடியிருந்துச்சு. தேச்சு மாட்டினதும் ஜக் பதினோரு செகண்ட்ல ரொம்புது. ராடு, ஸ்க்ரூ ரெண்டும் நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன், பீங்கான்ல விரிசல் இல்ல. இன்னைக்கு அஞ்சரை மணிக்கு நல்ல பனி, அம்மா பைப்ப தொறந்தாங்க, பத்திக்கிச்சு, குளிச்சு முடிக்கற வரைக்கும் அணையவே இல்ல. மதியமும் ஓட்டிப் பாத்தேன், திருக பாதில வெச்சேன், நின்னு எரியுது, தண்ணியும் கை வெக்கற சூட்டுல வருது. செலவு ஒரு ஸ்க்ரூதான். பர்னர் ஓரம் மட்டும் கொஞ்சம் மஞ்சளா தெரியுது, அதுக்கு வர்ற ஞாயித்துக்கிழம ஒருத்தர வரச் சொல்லிருக்கேன், போர்டு மாத்தணும்னு சொன்னவர் இல்ல.

நெல்லிக்குப்பம்_டீச்சர்:

இந்த இழைய முழுசா படிச்சேன், ரொம்ப உபயோகமா இருந்துச்சு. எங்க வீட்டு கீசர்ல ஒரு சந்தேகம். நல்லாத்தான் எரியுது, தண்ணி ஃப்ளோவும் நல்லாருக்கு, ஆனா வீட்டுல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பைப்ப மூடாம குளிச்சா ஒரு கட்டத்துல தானா அணைஞ்சிடுது, மூடித் தொறந்தா உடனே பத்திக்குது, ஆறவிட வேண்டியதே இல்ல. இதுவும் தெர்மல்தானா சார்?

மஞ்சக்குப்பம்_மெக்கானிக்:

இல்லம்மா, தெர்மல்னா ஆறணும். நிறைய மாடல்ல 20 நிமிஷம் விடாம ஓடினா தானா அணைக்கற டைமர் பெட்டிக்குள்ளயே இருக்கும், மறந்து போய் தொறந்து விட்டா ஆபத்து ஆகக்கூடாதுன்னு வெச்சது. ஒரு நாள் பக்கெட்ல புடிச்சுக்கிட்டே கடிகாரத்த பாருங்க, ஒவ்வொரு தடவையும் அதே நேரத்துக்கு நின்னா டைமர்தான், ரிப்பேர் எதுவும் வேணாம். நேரம் மாறி மாறி நின்னா திரும்ப இங்க எழுதுங்க, செல்லுல இருந்து ஆரம்பிச்சு பாப்போம்.